இரண்டு எருமைக்கு வாங்கியவள்

கிரெஸ்வெல் துரை ராப்பியாவின் வீட்டுக்கு வந்த அன்று காலையில்தான் அவளுக்கும் சவுதாவுக்கும் வாய்க்கால் சண்டை நடந்தது. துரை ஒரு நாள் தள்ளி வந்திருக்கலாம், அல்லது சண்டையாவது ஒரு நாள் முந்தி வந்திருக்கலாம் என்று ராப்பியா பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். நினைத்து என்ன.

லூபோக் கெராஞ்சி என்ற அந்த மலாய்க் கிராமத்தில் அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. மலையிலிருந்து இறங்கும் ஒற்றை வாய்க்காலை முறை வைத்துப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அன்று ராப்பியாவின் முறை. விடிந்ததும் போய்ப் பார்த்தால் அவள் மடை அடைபட்டுக் கிடந்தது. தண்ணீர் முழுக்க சவுதாவின் வயலுக்குள் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. சவுதா வரப்பில் நின்று சாவகாசமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் ஒரே குலம். இருவருடைய பாட்டிகளும் கூடப் பிறந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து வயல்; பக்கத்துப் பக்கத்து வீடு. அங்கே நிலமும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும். ஆம்பிளைகள் கட்டிக்கொண்டவள் வீட்டில் வந்து இருப்பவர்கள்.

"இன்னிக்கு மொற என்னுதுக்கா," என்றாள் ராப்பியா.

"தெரியும்."

"தெரிஞ்சுமா அடைச்சே?"

"உனக்கென்னடி அவ்ளோ அவசரம்?" சவுதா வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள். களை பிடுங்க வந்த பெண்கள் நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்காகவே சவுதா குரலைக் கொஞ்சம் ஏற்றினாள். "ரெண்டும் பயலா பெத்து வச்சிருக்கே. நாளைக்கு உன் கண்ணு மூடினா அந்த வயலு யாருக்கு வருது? எம்மக மெலூருக்குத்தான. எம்மக வயலுக்கு எப்பத் தண்ணி விடணும்னு எனக்குத் தெரியாதா?"

பெண்கள் சிரித்தார்கள். சவுதா பேசினால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் அதற்கு முந்தின வருஷம்தான் ராப்பியா பிறந்து ஒன்பது நாளான பெண் குழந்தையைப் புதைத்திருந்தாள். அதைக் கடைசியாகக் குளிப்பாட்டி, வெள்ளைத்துணி சுற்றிக் கொடுத்தவளே சவுதாதான். அந்த வாயிலிருந்து இந்தப் பேச்சு வரும் என்று ராப்பியா நினைக்கவில்லை. மடையைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பினாள்.

உச்சிவேளைக்குத் துரை வந்தார்.

நாடு வெள்ளைக்காரர்களின் பாதுகாப்பில் வந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. எதிலிருந்து பாதுகாப்பு என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. அரசர் அரண்மனையில் இருந்தார். வெள்ளைக்கார அதிகாரியான ரெசிடெண்ட் சொன்னது நடந்தது. ரெசிடெண்டுக்குக் கீழே, இந்த ஆற்றங்கரைப் பகுதி முழுவதற்கும் கிரெஸ்வெல் துரை; ஊரார் வாயில் 'துவான்'. கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். காய்ச்சல் கண்ட வீட்டுக்குத் தானே மருந்து கொண்டுபோவார். இடுகாட்டைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்றுவார். மலாய் பேசுவார், ஓலைச்சுவடியைப் படிக்கிற மாதிரி. இரண்டு வருஷமாக ஊர் ஊராகப் போய் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்: இந்த நாட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்தக் குலத்துக்கு எந்த நிலம், அவர்கள் வழக்கம் என்ன.

மற்றப் பெண்கள் அவரைக் கண்டால் அடுக்களைக்குள் போய்விடுவார்கள். ராப்பியாவுக்கு அது முடியாது. அவள் புருஷன் தெராமான் போலீஸ் கார்ப்பரல். துரை வருகிறார் என்றதும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிவந்து வெளிக்கூடத்தில் போட்டு, கம்பு மாதிரி விறைத்து நின்றுகொண்டான். துரைக்குப் பின்னால் மலாக்காக்காரரான கிளார்க் தாயிப், மைக்கூடும் காகிதக்கட்டுமாக வந்து பாயில் உட்கார்ந்தார்.

துரை முதலில் இளநீரை வாங்கிக் குடித்தார். பிறகு கேட்டார்: "உன் தாயின் தாய் பெயர் என்ன, ராப்பியா?"

"கிந்தான், துவான்."

"அவளுடன் பிறந்தவர்கள்?"

"சேனா. சின்னவங்க. சவுதாவோட பாட்டி."

பேனா ஓடியது. காகிதத்தில் ஒரு கோடு கீழே இறங்கி இரண்டாகப் பிரிந்தது. ராப்பியா அந்தக் கோட்டைப் பார்த்தாள். ஒரு கிளையின் முனையில் தான். மறு கிளையின் முனையில் சவுதா, அதற்கும் கீழே மெலூர். தன் கிளைக்குக் கீழே வெறும் காகிதம்.

"சேனா பெரிய ஆளுதான்," என்றாள். "ரெண்டு எருமைக்கு வாங்கின ஆளு."

துரையின் பேனா நின்றது. "வாங்கியதா?"

"ஆமா துவான். கீழாத்துக்காரங்க கிட்டேருந்து. ரெண்டு எருமை குடுத்து வாங்கினாங்க."

இது அந்தக் குலத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தலைவர்களுக்குள் சண்டை நடந்த காலத்தில் கீழாற்றுக்காரர்கள் வந்து ஊரைக் கொள்ளையடித்தார்கள். எட்டு வயசு சேனாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குலமே கூடி இரண்டு எருமையைக் கொடுத்து அவளை மீட்டுக்கொண்டு வந்தது. சேனா உயிரோடு இருந்தபோதே, பேரம் பேசும்போதெல்லாம், "நான் ரெண்டு எருமை வெல ஆளு, தெரியுமில்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாளாம். சவுதா வீட்டுக்காரர்களைக் கிண்டல் செய்ய வேண்டுமென்றால் ஊரார் இதைத்தான் எடுப்பார்கள். கிண்டல் செய்கிறவனுக்கும் முழுக்கதை தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும்.

துரைக்குத் தெரியாது. ராப்பியாவுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. மீதிக் கதை நாக்கு நுனி வரை வந்தது. காலையில் வரப்பில் எழுந்த சிரிப்பு காதில் இன்னும் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"மிகவும் நல்லது," என்றார் துரை. அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம். "இதை எனக்கு யாருமே சொல்லவில்லை."

*

ஒரு வாரத்தில் மழை பெய்தது. வாய்க்கால் சண்டை தண்ணீரோடு போயிற்று. சவுதா ஒரு நாள் பலாச்சுளைகளை இலையில் வைத்துக் கொண்டுவந்து, "கொட்டையைத் துப்பிராத, வேகவச்சுத் தின்னு, எளைச்சுப் போயிருக்கே" என்று வைத்துவிட்டுப் போனாள். மன்னிப்பு என்று அவள் வாயில் வராது, பலாச்சுளைதான் வரும். ராப்பியாவும் தின்றாள். துரையிடம் சொன்னது ஞாபகம் வந்தபோது, அவர் ஆயிரம் பேரிடம் ஆயிரம் கேட்டவர், எங்கே நினைவில் வைத்திருக்கப்போகிறார் என்று தேற்றிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் புத்தகம் அச்சாகி வந்தது. சீமைக்குத் திரும்புவதற்குப் பத்து நாள் முன்பு துரை அவளைத் தன் சர்க்கார் கச்சேரிக்கு வரவழைத்து, சிவப்பு அட்டை போட்ட அந்தப் புத்தகத்தை மேஜைமேல் விரித்து, அவள் குலத்தைப் பற்றிய பக்கத்தை மலாயில் சொல்லிக் காட்டினார்.

"'இந்தக் குலத்தின் ஒரு கிளை, விலைக்கு வாங்கப்பட்ட அடிமைப்பெண் ஒருத்தியிடமிருந்து வந்தது. காலப்போக்கில் அவளை உடன்பிறந்தவள் என்று சொல்லிக்கொண்டார்கள். இதனை விஷயம் அறிந்த ஒரு பெண்மணி எமக்குத் தெரிவித்தார்.' அது நீதான், ராப்பியா."

ராப்பியா மேஜையை நெருங்கினாள். "துவான், அப்படி இல்ல. அவங்க அடிம இல்ல. எங்க குலத்துலயே பொறந்தவங்க. தூக்கிட்டுப் போனாங்க, எருமை குடுத்து மீட்டாங்க. நான் அன்னிக்குக் கோவத்துல பாதிதான் சொன்னேன்."

துரை அவளை இரக்கத்தோடு பார்த்தார். "யாராவது உன்னை மிரட்டினார்களா?"

"இல்ல துவான்."

"பயப்படாதே. பன்னிரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். யோசிக்காமல் முதலில் வருகிற வார்த்தைதான் ஊற்றுத் தண்ணீர். பிறகு வருவதில் உறவுக்காரர்களின் சேறு கலந்திருக்கும்."

சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இரண்டு வரி எழுதி, கீழே தேதி போட்டார். என்ன எழுதினார் என்று அவள் கேட்கவில்லை. திருத்திவிட்டார் என்றே நினைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

*

மெலூருக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டிலிருந்து முதலில் ஆள் வந்தது. நிச்சய மோதிரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. "கொஞ்சம் பொறுக்கலாம்னு பாக்குறோம். கச்சேரியில நிலத்துக்கெல்லாம் பட்டா எழுதப் போறாங்களாம். புஸ்தகத்துல என்னமோ இருக்குன்னு சொல்றாங்க, அது என்னன்னு தெளியட்டும்," என்று மட்டும் சொன்னார்கள்.

அன்று மாலை சவுதா ராப்பியாவின் வீட்டு ஏணிப்படியில் வந்து உட்கார்ந்தாள். மேலே ஏறவில்லை.

"தாயிப் சொன்னாரு," என்றாள். "வெஷயம் அறிஞ்ச பெண்மணின்னு போட்டிருக்காமே."

"நான் மாத்தச் சொல்லிட்டேன்க்கா. துவான் எழுதினாரு, என் கண்ணால பாத்தேன்."

"நீ சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

சவுதா காலடிக்கு வந்த கோழியை விரட்டினாள். "வரப்புல நான் பேசினதும் தப்புதான். சண்டையில சொன்னது சண்டையோட போயிரும்னு நெனச்சேன். ஆனா நான் உங்கிட்டத்தான்டி பேசினேன். எழுதுறவங்கிட்டப் போயி பேசல."

*

புதிதாக வந்த பார்லோ துரைக்கு இருபத்தாறு வயது. மலாய் தெரியாது. எல்லாம் தாயிப் மூலமாகத்தான். ஆனால் சிவப்பு அட்டைப் புத்தகத்தை வரிவிடாமல் படித்திருந்தார். பரம்பரை நிலத்துக்குப் பட்டா எழுத அவர் கச்சேரியில் உட்கார்ந்தபோது ஒரு கையருகில் நிலப்பதிவேடு, மறு கையருகில் அந்தப் புத்தகம். குலத்து ரத்தத்தில் பிறந்த பெண்களுக்குத்தான் பரம்பரை நிலம் என்பது சட்டம். வழக்கத்தைக் காப்பாற்றுவதற்கென்றே அந்தச் சட்டத்தைப் போட்டதாகச் சொன்னார்கள்.

சவுதாவின் முறை வந்ததும் ராப்பியா தானே எழுந்து போனாள். தெராமான் வாசலில் காவல் நின்றிருந்தான். கண்ணாலேயே வேண்டாம் என்றான். அவள் நிற்கவில்லை.

"நான் சொன்னது பொய்," என்றாள். "சேனா எங்க பாட்டியோட கூடப் பொறந்தவங்க. ஒரே வயித்துல பொறந்தவங்க. எங்க சொல்லணுமோ அங்க சத்தியம் பண்றேன்."

தாயிப் சொன்னதைப் பார்லோ துரை கவனமாகக் கேட்டுக்கொண்டார். புத்தகத்தைத் திறந்தார். ஓரத்திலிருந்த கையெழுத்தை விரலால் தடவிப் படித்தார். பிறகு தாயிபிடம் ஏதோ சொன்னார். தாயிப் தரையைப் பார்த்துக்கொண்டே அதை மலாயில் சொன்னார்:

"'தகவல் தந்தவள் பின்பு மறுக்க முயன்றாள். உறவினர் மிரட்டல் என்பது வெளிப்படை. முதல் வாக்குமூலமே நம்பத்தக்கது.' பழைய துவான் எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு, ராப்பியா. இப்ப நீ வந்து பேசினதும் அவர் சொன்னது சரியாத்தான் இருக்குங்கிறாரு இவரு."

அதற்கப்புறம் குலத்தலைவர் எழுந்தார். டத்தோ அண்டீக்கா. எழுபது வயதைத் தாண்டியவர். குலத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பதை ஏழு தலைமுறைக்கு நிறுத்தாமல் சொல்லக்கூடியவர். அவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை என்று இருந்த ஊர் அது.

"அந்த ரெண்டு எருமையில ஒண்ணு எங்க அம்மா வீட்டு எருமை," என்றார். "ஓட்டிட்டுப் போனவரு எங்க மாமா. மீட்டுட்டு வந்த புள்ளைய மறுபடி வேத்தாளுங்கிறதா? குரானைக் கொண்டாங்க, கைய வைக்கிறேன்."

பார்லோ துரை மரியாதையாகத் தலையசைத்தார். இரண்டு பக்கம் முன்னால் புரட்டினார். தாயிப் டத்தோவின் பக்கம் திரும்பினார்.

"டத்தோ மன்னிக்கணும். நான் சொல்லல, புஸ்தகம் சொல்லுது. 'குலத்தலைவர்கள் பெருந்தன்மையானவர்கள். ஆயினும் குலத்தின் அமைதிக்காக எந்தச் சத்தியத்தையும் செய்யத் தயங்கமாட்டார்கள்.'"

டத்தோ நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். எதைச் சொன்னாலும் அதற்கான பதில் அவர்கள் வருவதற்கு முன்னாலேயே அந்தப் பக்கங்களில் வந்து உட்கார்ந்திருந்தது.

சவுதாவின் பெயர் பதிவேட்டில் ஏறவில்லை. குலத்தில் அடுத்த ரத்த உறவு யார் என்று துரை பார்த்தார். அந்தக் கோடு போட்ட படத்தில் பக்கத்துக் கிளை ராப்பியாவுடையது. சவுதாவின் வயல், வீட்டு நிலம், இரண்டும் ராப்பியாவின் பெயரில் பட்டாவாயின.

பட்டாவைத் தூக்கிக்கொண்டு அவள் நேரே சவுதாவின் வீட்டுக்குப் போனாள். சவுதா பானைகளை வைக்கோல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மெலூர் அழுது முகம் வீங்கி மூலையில் இருந்தாள்.

"இந்தாக்கா. இது உன்னுது. நீ உழு, நீ அறு. பேரு என்ன பேரு, காயிதத்துல இருக்கட்டும்."

"காயிதத்தை எனக்குக் குடுத்தா எம்பாட்டி மறுபடி உம்பாட்டிக்குத் தங்கச்சி ஆயிருவாளா?"

ராப்பியா பட்டாவை இன்னும் நீட்டிப் பிடித்தாள்.

"உன் நிலத்துல உன் தயவுல நான் இருந்தா, நாளைக்கு வந்து பாக்குற துவான் என்ன எழுதுவான்? அடிமை, எசமானி நிலத்துல உழுதுகிட்டிருக்கான்னு எழுதுவான். அதுவும் உண்மையாயிரும்." சவுதா கயிற்றை இறுக்கினாள். "நாங்க எங்க வீட்டுக்காரரு ஊருக்குப் போறோம்."

புருஷன் ஊரில் போய் அவன் அக்கா தங்கைகளின் வீட்டில் ஒண்டுவது அங்கே ஒரு பெண்ணுக்கு வரக்கூடாத கேடு. சவுதா அதைச் சந்தைக்குப் போகிறேன் என்பதைப் போலச் சொன்னாள். மூன்றாம் நாள் படகில் போனார்கள். மெலூர் திரும்பிப் பார்த்தாள், சவுதா பார்க்கவில்லை.

முதல் வருஷம் ராப்பியா அந்த வயலைத் தொடவில்லை. தரிசாக விட்டால் நிலம் சர்க்காருக்குப் போகும் என்று இரண்டாம் வருஷம் நோட்டீஸ் வந்தது. நாற்று நட்டாள். விளைந்ததில் பாதியை மூட்டை கட்டி சவுதாவின் ஊருக்குப் படகில் அனுப்பினாள். மூட்டை பிரிக்காமல் திரும்பி வந்தது. மகன்கள் இருவரும் அதைத் தின்றார்கள். அவளும் தின்றாள்.

*

ஊர் மாறியது எப்போது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் பெண் வீட்டுக்குப் போகும் முன்னால் தாயிபின் வீட்டுக்குப் போனார்கள். இருட்டியதும் கச்சேரிப் பக்கம் போய், அடுத்த வீட்டைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை மெல்லச் சொல்லிவிட்டு வருகிறவர்கள் உண்டாயினர். தங்களைப் பற்றி யாராவது முந்திக்கொண்டு சொல்வதற்கு முன் சொல்லிவிட வேண்டுமே. கிண்டல் பேச்சு நின்றுபோயிற்று. களை பிடுங்கும்போது பெண்கள் வானத்தையும் விலைவாசியையும் பற்றி மட்டும் பேசினார்கள்.

துரியான் மரங்களுக்காக இரண்டு சகோதரிகள் டத்தோவிடம் வழக்குக் கொண்டுவந்த அன்று ராப்பியாவும் கூட்டத்தில் இருந்தாள். மரம் நட்டது யார், எந்த வருஷம் என்பது டத்தோவுக்குத் தெரியும். நடும்போது குழி தோண்டியவர்களில் அவரும் ஒருவர். இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொண்டு கண்ணை மூடி இருந்தார். பிறகு, "தாயிபைக் கூப்பிடுங்க," என்றார். "அந்த மரத்தைப் பத்திப் புஸ்தகத்துல என்ன இருக்குன்னு பாத்துரலாம்."

ராப்பியாவின் வீட்டுக்குப் பலகாரத் தட்டுகள் வரத் தொடங்கின. வெல்லமும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கிளறிய ஒட்டரிசி வாஜிக், மூங்கிலில் வேகவைத்த சோறு, பெருநாள் அல்லாத நாளிலும். "விஷயம் அறிந்த பெண்மணி" என்று அச்சில் ஏறிய ஒரே ஆள் அவள். பெண்கள் அவள் எதிரே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தெராமானைச் சார்ஜெண்டாக உயர்த்தினார்கள். அவனுக்கு அதில் பெருமைதான். அவள் அந்தத் தட்டுகளை ருசி பார்க்காமலே கோழிக்குக் கொட்டினாள்.

பார்லோ துரை புத்தகத்தின் இரண்டாம் பதிப்பைத் தயார் செய்கிறார் என்று பேச்சு அடிபட்டது. விட்டுப்போன குடும்பங்களைச் சேர்க்க வேண்டுமாம். ஒரு நாள் காலை அவரும் தாயிபும் ராப்பியாவின் வீட்டுக்கு வந்தார்கள். வாய்க்காலுக்கு அப்பால் குடியிருக்கும் ஜெனாபின் குடும்பத்தைப் பற்றிக் கேட்க வரப்போவதாகத் தாயிப் முந்தின நாளே சொல்லியிருந்தார். ஜெனாப் இளம் பெண். மடியில் ஆறு மாதக் கைக்குழந்தை, பெண் குழந்தை. துரை படியேறியதைப் பார்த்து அவள் தன் வீட்டிலிருந்து இறங்கி வந்து, ராப்பியாவின் வீட்டுக்கு எதிரே தென்னை மரத்தடியில் குழந்தையோடு நின்றுகொண்டாள். எவ்வளவு காது கொடுத்தாலும் அங்கே பாதிதான் கேட்கும்.

ராப்பியா முந்தின ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். பேசாமல் இருக்கக்கூடாது. பாதி சொல்லக்கூடாது. துரை பேனாவைத் திறந்ததுமே சொன்னாள்:

"ஜெனாப் எங்க குலம். அவ அம்மா எங்க குலத்துல பொறந்தவ. அவ பாட்டியும் எங்க குலத்துலயே பொறந்தவ. யாரும் யாரையும் எங்கேயும் வாங்கல. எழுதிக்கச் சொல்லுங்க, தாயிப்."

தாயிப் சொன்னார். பார்லோ துரை எழுதவில்லை. அவளைச் சற்று நேரம் ஆர்வத்தோடு பார்த்தார். அப்புறம் ஒரு வரி எழுதினார். இன்னொரு வரியும் எழுதி, அதற்கடியில் கோடு போட்டார். நன்றி சொல்லி எழுந்தார்.

படியருகில் ராப்பியா தாயிபின் சட்டைக் கையைப் பிடித்தாள். "என்ன எழுதினாரு?"

"விடு ராப்பியா."

"என்ன எழுதினாரு, சொல்லுங்க."

தாயிப் துரையின் முதுகைப் பார்த்தார். துரை முன்னே போய்க்கொண்டிருந்தார். "'கேட்பதற்கு முன்பே மறுக்கிறாள். பாட்டியைப் பற்றி விசாரிக்க வேண்டும்'னு எழுதியிருக்காரு."

அவர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். ஜெனாப் ஏணிப்படி வரை வந்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா சொன்னீங்க?"

"நல்லதைத்தான்டி சொன்னேன்," என்றாள் ராப்பியா.

ஜெனாப் தலையை ஆட்டினாள். நம்பினாளா இல்லையா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, துரையும் தாயிபும் போன வழியிலேயே, அவர்களை எட்டிப் பிடிக்கிற நடையில் போனாள்.